ஐந்து பேரும் ஏறினால்தான் வண்டி

அவருக்கு உட்காரத் தெரியாது. வேன் ஓட்டும்போது மட்டும் உட்கார்ந்திருப்பார், அதுவும் நின்றுகொண்டு ஓட்ட முடியாது என்பதால். மற்ற நேரமெல்லாம் நடைதான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ரோட்டு வளைவில் வேனை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பத்து எட்டு, அந்தப் பக்கம் பத்து எட்டு நடப்பார். நடுவில் ஜன்னலுக்குள் கையை விட்டு ஹோர்னை ஒரு அழுத்து அழுத்துவார். பிறகு மறுபடியும் நடை. "மணி என்ன? மணி என்ன ஆகுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார், ஆனாலும் எங்களைத்தான் கேட்பார்.

எங்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். மாத்தளைக் கடைகளில் அவரை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் ராத்தா என்றோம். எங்களைப் பார்த்து எங்கள் அம்மா அப்பாவும், கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவும்கூட ராத்தா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வருடம் தினமும் பார்த்த ஒருவரிடம் பெயரைக் கேட்கவில்லையே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. கேட்டிருந்தாலும், "பேர வச்சி என்ன செய்யப் போற, ஏறு" என்றுதான் சொல்லியிருப்பார்.

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டங்களிலும் ஊர்களிலும் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கி மாத்தளை மொத்தக் கடைகளில் போடுவது அவர் தொழில். அது அவர் கணவர் செய்த தொழில். கணவர் இறந்ததும் வேனை விற்றுவிடும்படி சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். "வித்துட்டு மூட்டைய நான் தலையிலயா தூக்கிட்டுப் போற?" என்று கேட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் ஓட்டப் பழகிக்கொண்டார். முதல் நாள் பின்னேரம் மேலே வந்து விலை பேசி வைப்பார். மறுநாள் விடிந்ததும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்குவார். அந்த மூட்டைகளோடு நாங்களும் இறங்கினோம்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க மாத்தளைக்குப் போக வேண்டும். காலையில் பள்ளி நேரத்துக்கு ஒரே ஒரு பஸ், அதிலும் மிதிபலகை வரைக்கும் ஆட்கள். ஆண் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போனார்கள். எங்களை அந்த நெரிசலில் அனுப்ப வீடுகளில் பயந்தார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, யாரும் அழவுமில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்தது, ஜனவரி வந்தது, நான் போகவில்லை, அவ்வளவுதான். பிப்ரவரியில் ஒருநாள் எங்கள் லயத்துக்குப் பின்னால் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடிக்கு விலை பேச ராத்தா வந்தபோது, நான் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இண்டைக்கி ஸ்கூல் இல்லியா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நிப்பாட்டிட்டோம்ங்க" என்றார் அப்பா. "பஸ்ஸுல அனுப்பப் பயமா இருக்கு. வயசுப் புள்ள."

"அப்ப வேன்ல அனுப்புங்க."

"எந்த வேன்ல?"

"இந்தா நிக்கிதே, கண்ணு தெரியல்லியா? காலையில ஆறு மணிக்கி ரோட்டுக்கு எறக்கி விடுங்க. மூட்டைக்கி மேல உக்காந்துட்டு வரட்டும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "வாடகை என்னங்க கேப்பீங்க?"

"மொளகு மூட்டை எனக்கு வாடகை தருதா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கொடியைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் நான் இறங்கிப் போனபோது, அங்கே ஏற்கனவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அதே கேள்வியை மற்ற லயங்களிலும் கேட்டிருக்கிறார். அந்தக் கிழமை முடியுமுன் நாங்கள் ஐந்து பேராகிவிட்டோம்.

இதுவரைக்கும் எழுதியதைப் பார்த்தால் ஏதோ அன்பே உருவான ஆள் என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. எனக்கு அவரைப் பிடித்த நாட்களை விடப் பிடிக்காத நாட்கள்தான் அதிகம். காரணம் அவருடைய சட்டம்: ஐந்து பேரும் ஏறினால்தான் வண்டி நகரும். நான்கு பேர் நேரத்துக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்போம். ஐந்தாவது ஆள் வரவில்லை என்றால் வேன் அங்கேயே நிற்கும். மழை என்றாலும் நிற்கும், தவணைப் பரீட்சை என்றாலும் நிற்கும்.

முதல் தடவை ரஞ்சனிக்காக நின்றோம். எங்கள் ஐவரில் ரஞ்சனி வீட்டில்தான் சின்னப் பிள்ளைகள் அதிகம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர எட்டே கால் ஆகிவிட்டது. வாசலில் பெயர் எழுதிக்கொண்டு, மைதானத்தில் புல் பிடுங்க விட்டார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் மாடி ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். அன்று பின்னேரம் வேனில் நான் கத்தினேன். ரஞ்சனி வராவிட்டால் அது அவள் பாடு, நாங்கள் ஏன் புல் பிடுங்க வேண்டும் என்று கேட்டேன்.

ராத்தா ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "இண்டைக்கி நாலு பேரோட போனா, நாளைக்கி ஒங்க அம்மாக்கு முதுகு வலிக்கும். நீ நிப்பாய். மத்தநாள் மூணு பேரு. ரெண்டு கெழமையில நானும் மொளகும்தான் போவம். எனக்கு மொளகோட பேச ஏலாது."

"அதுக்கு?"

"அதுக்கு நீ வெள்ளன எழும்பி அவளுக்கு ஒதவி செய்."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழி இல்லை. புல் பிடுங்குவதை விட ரஞ்சனி வீட்டில் தண்ணீர் தூக்குவது மேல் என்று ஆகிவிட்டது. காலையில் ஒருத்தி அவளுக்காக பீலிக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்து வருவாள். ஒருத்தி ரொட்டி தட்டுவாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்கு அவள் தம்பியை நான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தனம், எங்கள் ஐவரில் கைவேகம் கூடியவள், ரஞ்சனியின் தலையைப் பின்னிவிடுவாள். ரஞ்சனி பின்னலோடும் வாயில் ரொட்டியோடும் ஓடி வருவாள். கீழே ஹோர்ன் அலறிக்கொண்டிருக்கும்.

இதில் ராத்தாவின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எந்த அம்மாவாலும் தன் மகளைச் சும்மா ஒருநாள் நிறுத்திவைக்க முடியாமல் போய்விட்டது. நிறுத்தினால் மற்ற நான்கு பேரும் வாசலில் வந்து நிற்போம். நான்கு வீட்டு அம்மாமாரும் மலையில் கொழுந்து எடுக்கும்போது, "ஒன் மகளால எம் மகளுக்கும் லேட்டு" என்று ஏசுவார்கள். ராத்தா யாரிடமும் கல்வியின் பெருமை பேசியதில்லை, ஒரு தடவைகூட. ஹோர்ன் அடித்தார், நடந்தார், மணி கேட்டார். மீதியை எங்கள் கோபத்தை வைத்தே செய்துகொண்டார்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். இன்றைக்கு முடியாது என்று அம்மா சொல்லி அனுப்பினார். ராத்தா மேலே ஏறி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுதுதான். ஆனா கண்ணுல காய்ச்சல் இல்ல" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் கிராம்பு மூட்டை மேல் வாந்தி எடுத்துவிட்டேன். நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பயந்து கிடந்தேன். வேனை ஓரம் கட்டி, போத்தல் தண்ணீரில் மூட்டையைத் துடைத்தார். "வாந்தியக் கழுவி எடுக்கலாம் புள்ள. இண்டைக்கிப் போற பாடத்த எங்க கழுவி எடுக்கிற?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சலே மறந்துபோனது. அன்று நடந்த பாடம் என்னவென்று இன்றுவரை ஞாபகம் இல்லை, மூட்டையின் நாற்றம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சட்டத்துக்கு ஒரு விலக்கும் இருந்தது. அது எங்கள் கூட்டத்தில் சின்னவள் பெரியமனுஷி ஆனபோது தெரிய வந்தது. எங்கள் பக்கம் முப்பது நாள் வீட்டுக்குள் வைத்து, பிறகு தண்ணீர் வார்த்து, சடங்கு செய்துதான் வெளியே விடுவார்கள். அப்படி உள்ளே போன பல பிள்ளைகள் சடங்கு முடிந்தும் பள்ளிக்குத் திரும்பாமல் போனதுண்டு. செய்தி கேட்டதும் ராத்தா லயத்துக்கு வந்துவிட்டார். உள்ளே போகக் கூடாது என்று தெரிந்து, வாசலுக்கு வெளியே நின்று அவள் அம்மாவோடு பேசினார்.

"எத்தின நாளைக்கி?"

"முப்பதுங்க."

"ஏழு நாள் போதும்."

"ராத்தா, இது மொளகு வெல இல்ல, கொறச்சிக் கேக்க."

"எனக்கு வேற பேச்சுத் தெரியாது. பத்து."

கடைசியில் பதினொன்றில் முடிந்தது. அந்தப் பதினொரு நாளும் வேன் நான்கு பேரோடு நகர்ந்தது. நான் கேட்டேன், இப்போது மட்டும் எப்படி நகருகிறது என்று. "அவள் எங்க ஈக்கிறாண்டு எனக்குத் தெரியும். எப்ப வருவாண்டும் தெரியும். தெரிஞ்சா போவேன். தெரியாட்டி போக மாட்டேன்" என்றார். தினமும் பின்னேரம், அன்று எழுதிய பாடக் கொப்பிகளை எங்களிடம் வாங்கி, அவரே நடந்து போய் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்.

ஏன் இப்படி என்று அவரிடமே ஒரு நாள் கேட்டேன். கேட்ட நேரம் நல்ல நேரம் போலிருக்கிறது, ஏசவில்லை. தான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் என்றார். "எனக்கு ஒருத்தரும் நிக்கல்ல" என்றார். அடுத்த வார்த்தை, "மணி என்ன?" அவ்வளவுதான் அவருடைய வாழ்க்கைக் கதை. எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிட்டேன்.

பதினோராம் வகுப்பில் அரசாங்கம் நடத்தும் சாதாரண தரப் பரீட்சை வந்தது. மார்கழி மாதம், மாத்தளையில் விடாமல் மழை பெய்யும் காலம். அதற்கு இரண்டு மாதம் முன்பு தனத்தின் அம்மா கொழுந்து மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் இருந்தார். வீட்டில் வருமானம் பாதியாகிவிட்டது. ஆனாலும் தனம் ஒருநாள்கூட வேனுக்குப் பிந்தவில்லை. எங்கள் ஐவரில் கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். எனக்குக் கணிதம் விளங்கியது என்றால் அது மிளகு மூட்டை மேல் அவள் சொல்லிக் கொடுத்ததால்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். நானும் அவளும் மட்டும்.

"நாளைக்கு நான் வரல" என்றாள். "வெள்ளன அஞ்சு மணி பஸ்ஸுல அப்பா என்னைய கொழும்புக்கு கூட்டிட்டுப் போறாரு. ஒரு வீட்டுல புள்ள பாக்க ஆள் வேணுமாம். உடனே வரச் சொல்றாங்களாம்."

"பரீட்சை?"

"அடுத்த வருஷமும் வரும்தானேங்கிறாரு." குடம் நிரம்பி வழிந்தது, அவள் நகர்த்தவில்லை. "ராத்தாகிட்ட சொல்லாத. சொன்னா வண்டி நகராது. ஒங்க நாலு பேருக்கும் பரீட்சை போயிரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

காலையில் நான்கு பேர் இறங்கிப் போனோம். ராத்தா வேனுக்கு முன்னால் குடையும் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தார்.

"தனம்?"

மற்ற மூவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் வாய் தடுமாறவில்லை. இரவே யோசித்து வைத்திருந்த பொய்தான்.

"அவ நேத்தே டவுனுக்குப் போயிட்டா ராத்தா. அத்த வீட்டுல தங்கிட்டு அங்கருந்தே பரீட்சைக்கு வருவா. மழைக்கு ரோடு ஒடஞ்சிருமோன்னு பயந்து."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போவேன் என்று சொன்னவர்தானே. நான் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டேன். ராத்தா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து வேனை எடுத்தார்.

முதல் பாடம் சைவநெறி. பொய் சொல்லாமை பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பேன், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் வெளியே வந்தபோது ராத்தாவின் வேன் வாசலுக்கு எதிரே அப்படியே நின்றது. உள்ளே மூட்டைகளும் அப்படியே இருந்தன. கடைக்கே போகவில்லை. காலையிலிருந்து வாசலில் நடந்து நடந்து செருப்பெல்லாம் சேறு.

"ஒருத்தி வரல்ல" என்றார் என்னைப் பார்த்து. "எந்த மாமி ஊடு? செல்லு, போவம்."

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். ராத்தா ஏசுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் காலையில செல்லல்ல?"

"சொன்னா நீங்க வண்டிய எடுக்க மாட்டீங்க."

"எடுத்திருக்க மாட்டேன்தான். பஸ்ஸுக்குப் பின்னால போயிருப்பேன்."

"அப்ப எங்க நாலு பேருக்கும் பரீட்சை போயிருக்குமே!"

"போயிருக்கும். அடுத்த வருஷம் அஞ்சு பேரும் எழுதியிருப்பீங்க."

இந்தப் பதிலோடு நான் இத்தனை வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு பேருடைய வருடத்தை ஒருத்திக்காக எடுத்துக் கொடுக்க அவர் யார்? அந்த வருடம் எழுதாமல் விட்டிருந்தால் என் அப்பா மறுபடியும் என்னை அனுப்பியிருப்பாரா? இன்று ஓர் அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது. அந்தக் காலை வேன் நகர்ந்திராவிட்டால் இந்த மேசை இருந்திருக்குமா? இதையெல்லாம் பஸ்ஸில் போகும்போது, சமைக்கும்போது, மனதுக்குள் அவரிடம் கேட்பேன். அவர் சொன்னது அநியாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுப்பேன். காலையில் எழும்பினால் அந்தத் தீர்ப்பு செல்லாது. அவர் சொன்னபடி செய்திருக்கக் கூடியவர் என்பதுதான் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. நான் எந்த நாளும் அப்படிச் செய்ய மாட்டேன்.

பரீட்சை நடந்த மற்ற நாட்களில் எங்கள் நான்கு பேரையும் ஏற்றி இறக்கினார். ஹோர்ன் அடிக்கவில்லை. மணி கேட்கவில்லை. பின்னேரங்களில் தனத்தின் லயத்துக்குப் போய்விடுவார். அவள் அப்பா நான்காம் நாள்தான் கொழும்பிலிருந்து திரும்பினார். முகவரியைச் சொல்ல மாட்டேன் என்றார். ராத்தா வாதாடவில்லை, கெஞ்சவுமில்லை. வாசலுக்கு முன்னால் நடந்தார். இந்தப் பக்கம் பத்து எட்டு, அந்தப் பக்கம் பத்து எட்டு. இருட்டும் வரைக்கும் நடந்துவிட்டுப் போய், மறுநாள் மறுபடியும் வந்து நடந்தார். லயத்து ஆட்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். படுக்கையில் கிடந்த தனத்தின் அம்மா, "அந்த அம்மாகிட்ட சொல்லிருங்களேன்" என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "இந்தம்மா நடக்கிற நடையில எனக்குத் தல சுத்துது" என்று தனத்தின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானும் கூட வருவதாகச் சொன்னார்.

கடைசிப் பாடம் முடிந்த மறுநாள் கொழும்புக்குப் போனோம். ராத்தா, தனத்தின் அப்பா, நான். என்னை ஏன் ஏற்றினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூட்டைகள் இல்லாத வேனில் நான் பின்னால் தனியாக உருண்டுகொண்டு போனேன்.

பெரிய மதில் வைத்த வீடு. மணி அடித்ததும் கேட்டைத் திறந்தது தனம்தான். இடுப்பில் ஒரு குழந்தை. யாருடையதோ ஒரு பெரிய சட்டையைப் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டுக்கார அம்மா வந்து, பேசிய பேச்சு என்ன, இப்போது செய்கிற வேலை என்ன என்று தனத்தின் அப்பாவிடம் சத்தம் போட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்கம்மா, தப்புதாங்கம்மா" என்றார். ராத்தா அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "வேற ஆள் பாத்துக்கோங்க. இது படிக்கிற புள்ள." குழந்தையை வாங்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தனம் உள்ளே ஓடிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

தனம் மறு வருடம் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் என்னை விட நல்ல பெறுபேறு. இப்போது கண்டியில் தாதியாக இருக்கிறாள், தீபாவளிக்கு எனக்கு போன் எடுப்பாள். ராத்தா நான் மாத்தளையை விட்டு வந்த பிறகும் பல வருடம் ஓட்டினார். நாடெல்லாம் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வேனை வீட்டில் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு கீழ்ச் சந்தி வரைக்கும் நடந்தே போனாராம். அப்போதும் ஒருத்தி குறைந்தால் நடக்கத் தொடங்க மாட்டாராம். அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கண் பார்வை குறைந்து மகன் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. போக முடியாமல் இல்லை, துணிச்சல் வரவில்லை.

ஏனென்றால் அன்று கொழும்பிலிருந்து திரும்பும்போது அந்த வேனில் நடந்தது அப்படி. தனமும் நானும் பின்னால் வெறும் தகரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் கை விரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, "நீ சொல்ல வேணாம்னு சொன்னதால நான் யாருகிட்டயும் சொல்லலடி" என்றேன். நான் வாக்குக் காப்பாற்றியதற்கு அவள் சந்தோஷப்படுவாள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

"நீ சொல்லிருவேன்னுதான் ஒங்கிட்ட சொன்னேன்" என்றாள் தனம். "எங்கப்பாவ எதுத்து எனக்குப் பேச முடியாது. ராத்தாவுக்குத் தெரிஞ்சா விட மாட்டாங்க. அதான் ஒங்கிட்ட சொன்னேன். பஸ் குருநாகலுக்குப் போறவரைக்கும் பின்னாலயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

முன்னால் அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்தாவுக்கும் கேட்டிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும், கண்ணாடியில் தனத்தை மட்டும் பார்த்து அவர் சொன்னார்:

"இனி ஏதாச்சும் ஈந்தா எங்கிட்டயே செல்லு புள்ள. இவள்கிட்ட செல்லாத."

தனம் என்னைப் பார்க்காமல், "சரி ராத்தா" என்றாள்.